206 பேர் வேலை பார்க்கும் ஆபீஸ்

மனித உடம்பில் மொத்தம் எத்தனை எலும்பு என்று கேட்டால், பத்தாம் கிளாஸோடு சயின்ஸுக்குக் கும்பிடு போட்டவர்கூட '206' என்று டக்கென்று சொல்லிவிடுவார். "சரி, பிறந்த குழந்தைக்கு எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். "குழந்தைதானே ஸார்... ஒரு நூறு இருக்குமா?" என்பார். ஆள் சின்னது, அதனால் எலும்பும் குறைச்சல் என்கிற லாஜிக்.

விஷயம் நேர் தலைகீழ். பிறக்கும்போது நமக்கு சுமார் 270-லிருந்து 300 துண்டுகள். பல துண்டுகளில் பாதி குருத்தெலும்பு. வளர வளர, பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைகிறது. ஆள்குறைப்பு என்று யூனியன் கொடி பிடிக்க வேண்டாம். வெறும் இலாகா இணைப்புதான். முதுகெலும்பின் அடியில் ஐந்து பேர் சேர்ந்து இடுப்புக்கு நடுவே ஒரே முக்கோணமாகிறார்கள். அதற்கும் கீழே நாலு குட்டித் துண்டுகள் கைகோத்து வால் எலும்பாகின்றன. எல்லோரும் இணைந்து முடித்த பிறகும் ஒரே ஒரு ஆசாமி மட்டும் பிகு பண்ணுவார்: கழுத்துக்குக் கீழே படுக்கையாக இருக்கிற காறை எலும்பு. அதன் உள்முனை முழுசாக ஒட்டி முடிக்க இருபத்தைந்து வயதுக்கு மேலும் ஆகும். அதாவது உங்களுக்கு வேலை 'கன்ஃபர்ம்' ஆன தேதியில், உங்கள் காறை எலும்பு இன்னும் ப்ரொபேஷனில் இருந்திருக்கலாம்!

இந்த 206 பேர் ஆபீஸின் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினால் சுவாரஸ்யம். கை ஒன்றுக்கு 27, பாதம் ஒன்றுக்கு 26. ஆக நாலு கிளைகளிலும் சேர்த்து 106. பாதி ஸ்டாஃபுக்கு மேல் கையிலும் காலிலும்தான். சட்டைப் பித்தான் போடுவது, மெஸேஜ் தட்டுவது, ஓடுகிற பஸ்ஸில் ஃபுட்போர்டில் பேலன்ஸ் பண்ணுவது எல்லாம் அவர்கள் உபயம். ரொம்பப் பெரிய ஆள் தொடை எலும்பு. உங்கள் உயரத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். ரொம்பச் சின்ன ஆள் காதுக்குள் இருக்கும் அங்கவடி. சுமார் 3 மில்லிமீட்டர். அது ஒழுங்காக அதிரவில்லை என்றால் மானேஜர் கூப்பிடுவது காதில் விழாது. (வேண்டாம், மெடிக்கல் லீவுக்கு அதைக் காரணம் காட்டாதீர்கள்.) நாக்குக்கு அடியில் ஹையாய்டு என்று லாட வடிவில் ஒரு எலும்பு. வேறு எந்த எலும்போடும் மூட்டு உறவு கிடையாது. தசையிலும் நாரிலும் தொங்கிக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல், நாம் பேசவும் விழுங்கவும் உதவுகிற வேலையை மட்டும் பார்க்கும். எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் உண்டு.

* * *

எலும்பு என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஸ்கூல் லேபில், கண்ணாடி அலமாரிக்குள், வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிற கூடு. நம் தப்பு அபிப்பிராயங்கள் எல்லாம் ஆரம்பிப்பது அந்த அலமாரியில்தான்.

இந்தத் தொங்கவிடும் வழக்கம் ரொம்பப் பழசு. 1543-ல் வெசாலியஸ் என்கிற டாக்டர், மனித உடம்பைப் பற்றிய தன் பிரமாண்டமான புத்தகத்தை அச்சடிக்க சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்துக்குப் போனார். போன இடத்தில் சும்மா இருக்காமல், மரண தண்டனை பெற்ற ஒரு ஆசாமியின் உடலை எல்லோர் முன்னிலையிலும் அறுத்துக் காட்டி, எலும்புகளைக் கோத்து ஊருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த எலும்புக்கூடு இன்றைக்கும் பாஸல் மியூசியத்தில் இருக்கிறது. பிறகு உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகள் பெருகின. ஆளுக்கொரு கூடு தேவைப்பட்டது. 1985-ல் நம் மத்திய அரசு தடை போடும் வரை, வெளிநாட்டுக் கல்லூரிகளில் தொங்கிய கூடுகளில் ஏராளமானவை இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறியவை. பாஸ்போர்ட் இல்லாமல் ஃபாரின் போன நம்மவர்கள், பாவம்!

விஷயம் என்னவென்றால், அங்கே தொங்குவது எலும்பின் மிச்சம், எலும்பு அல்ல. உங்களுக்குள் இப்போது இருக்கும் எலும்பு ஈரமானது. லேசான இளஞ்சிவப்பு கலந்தது. உள்ளே ரத்தக் குழாய் ஓடுகிறது. மேலே போர்த்தியிருக்கிற சவ்வில் நரம்பு ஓடுகிறது. (நம்பிக்கை இல்லாதவர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டில் முனையில் இடித்துக்கொண்டு பார்க்கலாம்.) ஞாயிற்றுக்கிழமை நீங்கள் 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சுகிற நல்லி எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை நமக்கும் உண்டு. இடுப்பு, விலா, மார்பு, முதுகு எலும்புகளில் உள்ள சிவப்பு மஜ்ஜை, ஒரு செகண்டுக்கு சுமார் இருபது லட்சம் ரத்தச் சிவப்பணுக்களைத் தயாரித்துத் தள்ளுகிறது. இந்த வாக்கியத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி. ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதற்கும் லீவு இல்லை.

* * *

எலும்பு எதனால் ஆனது? கட்டடம் கட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். உள்ளே கம்பி, மேலே சிமென்ட். கம்பி என்பது கொலாஜன் என்கிற புரத நார். வளையும், அறுந்து போகாது. சிமென்ட் என்பது கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு; நசுங்காது. வீட்டிலேயே சோதனை பண்ணலாம். சாப்பிட்டு முடித்த கோழிக் கால் எலும்பைக் கழுவி, வினிகரில் ஒரு வாரம் ஊறப் போடுங்கள். வினிகர் கால்சியத்தைக் கரைத்துவிடும். எடுத்து வளைத்தால் ரப்பர் மாதிரி வளையும். (ஜாடியின் மேல் பெயர் எழுதி வையுங்கள். ஊறுகாய் என்று யாராவது கரண்டியை விடப் போகிறார்கள்.)

கான்க்ரீட்டுக்கும் எலும்புக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். கான்க்ரீட் போட்டால் போட்டதுதான். எலும்பில் வேலை நிற்பதே இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்று ஒரு கோஷ்டி. பழைய எலும்பைக் கரைத்துப் பள்ளம் தோண்டுவது அவர்கள் வேலை. ஆஸ்டியோபிளாஸ்ட் என்று இன்னொரு கோஷ்டி. அந்தப் பள்ளத்தில் புது எலும்பைப் பூசி மூடுவது அவர்கள் வேலை. தோண்டுவதற்கு ஒரு இலாகா, மூடுவதற்கு இன்னொரு இலாகா. நம் தெருவிலே பார்க்காத காட்சியா? தோண்டுகிற கோஷ்டிக்கு ஒரு பள்ளத்துக்கு இரண்டு மூன்று வாரம் போதும். மூடுகிற கோஷ்டிக்கு மூன்று நாலு மாதம் வேண்டும். அதே தெரு நியாயம்தான்! ஆனால் தெருவில் நடக்காத ஒன்று இங்கே நடக்கிறது: சொன்னபடி மூடிவிடுகிறார்கள். வருஷத்துக்குச் சுமார் பத்து சதவிகித எலும்பு இப்படிப் புதுசாகிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய உங்கள் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி இப்போது உங்களிடம் இல்லை.

நன்றாக இருக்கிற எலும்பை எதற்குத் தோண்ட வேண்டும்? இரண்டு காரணம். ஒன்று, தினசரி நடை, ஓட்டத்தில் விழுகிற மெல்லிய கீறல்களை ரிப்பேர் பார்க்க. இரண்டாவது, எலும்பு ஒரு பாங்க். உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும் டெபாசிட். பாக்கி ஒரு சதவிகிதத்தில்தான் இதயம் துடிப்பது, தசை சுருங்குவது, நரம்பு சேதி அனுப்புவது எல்லாம் ஓடுகிறது. ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும், கழுத்தில் அரிசி சைஸில் இருக்கிற நாலு பாராதைராய்டு சுரப்பிகள் பதறிப்போய் ஆர்டர் போடும்: "தோண்டு!" உங்கள் கையெழுத்து வேண்டாம், செக் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். நீங்கள் சாப்பாட்டில் கால்சியம் போடாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இதயம் நிற்கக் கூடாது, இடுப்பு எலும்பு இளைத்தால் பரவாயில்லை என்பது உடம்பின் பாலிஸி. நியாயமான பாலிஸிதான். ஆனால் பாஸ்புக் என்ட்ரி போட்டு நமக்குக் காட்டுவதில்லை என்பதுதான் சங்கடம்.

* * *

சரி, மூடுகிற கோஷ்டி எங்கே தடிமனாகப் பூச வேண்டும், எங்கே மெலிதாக விட்டால் போதும் என்று யார் சொல்வது?

1866-ல் சூரிச் நகரத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். ஹெர்மன் ஃபான் மேயர் என்கிற உடற்கூறு பேராசிரியர், தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்து மேஜையில் வைத்திருக்கிறார். உள்ளே வலை பின்னினாற்போல் மெல்லிய எலும்பு இழைகள். அதை எட்டிப் பார்த்த கார்ல் குல்மன் என்கிற இன்ஜினீயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பளு தூக்கும் கிரேனில் எந்தெந்தக் கோடுகள் வழியாக பாரம் இறங்கும் என்று அவர் போட்டு வைத்திருந்த டிராயிங்கும், அந்த எலும்பு இழைகளும் அச்சு அசல் ஒரே மாதிரி! காலேஜ் பக்கமே போகாத தொடை எலும்பு இன்ஜினீயரிங் பண்ணியிருக்கிறது. (இந்தக் குல்மனின் மாணவர் மாரிஸ் கோக்லின்தான் பிற்பாடு ஈஃபில் டவருக்கு முதல் ஸ்கெட்ச் போட்டவர்களில் ஒருவர். அந்த வகையில் நம் தொடை எலும்பு ஈஃபில் டவருக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை ஆகிறது.)

பிறகு ஜூலியஸ் வுல்ஃப் என்கிற ஜெர்மன் சர்ஜன் 1892-ல் இதையே ஒரு விதியாக எழுதினார். சுருக்கமாக, எங்கே பாரம் விழுகிறதோ அங்கே எலும்பு கெட்டிப்படும். பாரம் இல்லாத இடத்தில் கரையும். அதாவது எலும்புக்கு ஆர்டர் போடுவது உங்கள் உடம்பில் விழுகிற பாரம்தான்.

இதற்கு சாட்சி வேண்டுமா? சின்ன வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ராக்கெட் பிடிக்கிற கையின் மேல்கை எலும்பு, மற்றக் கையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகத் தடிமன். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். வித்தியாசம் அடித்த அடியில் மட்டும். எதிர்ப்பக்கத்து சாட்சி விண்வெளியில். அங்கே எடையே இல்லை. காலுக்கு வேலை இல்லை. விண்வெளி வீரர்களுக்கு இடுப்பு, தொடைப் பகுதியில் மாதம் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றரை சதவிகிதம் எலும்பு குறைகிறது. 2024 ஜூனில் போன சுனிதா வில்லியம்ஸ் 2025 மார்ச்சில் திரும்பும் வரை ஒன்பது மாதம் மேலேயே இருந்தாரே, அந்த நிலையத்தில் இருப்பவர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரம் போல உடற்பயிற்சி கட்டாயம். விளையாட்டுக்கு அல்ல, எலும்பும் தசையும் கரைந்து போகக் கூடாதே என்று.

இப்போது விண்வெளியை விட்டு உங்கள் ஸீட்டுக்கு வாருங்கள். காலையில் வீட்டு வாசலில் பைக், ஆபீஸ் வாசலில் லிஃப்ட், மாடியில் சக்கர நாற்காலி. (பாஷ் கேட்காதீர்கள், சக்கரம் வைத்த நாற்காலி, அவ்வளவுதான் சொன்னேன்.) சாயந்திரம் மறுபடி பைக், வீட்டில் சோபா, கையில் செல்போன். தொடை எலும்பின் பார்வையில், நீங்களும் ராக்கெட்டில்தான் இருக்கிறீர்கள். கொஞ்சம் மெதுவான ராக்கெட்.

பாரம் முழுக்க இல்லையா என்றால், இருக்கிறது, தப்பான இடத்தில். நிமிர்ந்து இருக்கும்போது தலையின் எடை சுமார் 5 கிலோ. செல்போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் இறங்கும் பாரம் கிட்டத்தட்ட 27 கிலோ என்று நியூயார்க் சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு அரிசி மூட்டை! மளிகைக் கடைப் பையன் அதைத் தோளில் தூக்கி வந்து இறக்கிவிட்டுப் போகிறான். நாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிறோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போட்ட மாதிரி 23 டிஸ்க்குகள். பகல் பூராவும் அழுந்தி நீர் வற்றி, ராத்திரி படுத்தால் மறுபடி ஊறும். அதனால் காலையில் நீங்கள் சாயந்திரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் போல உயரம். பெண் பார்க்கப் போகிறவர்கள் காலை டிபனுக்கே போய்விடுவது உத்தமம்.

* * *

போன வருஷம் எங்கள் பெரியப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். வயது 74. நாற்பது வருஷம் குமாஸ்தா வேலை. ரிடையர் ஆன பிறகு ஈஸிசேர். ஒரு நாள் ஜுரம் என்று படுத்ததில்லை. விழுந்தது பெரிய விழுகைகூட இல்லை. உட்கார்ந்த மாதிரி சரிந்தார், தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது.

பெரியம்மா எலும்பு டாக்டரிடம் அழுதுகொண்டே, "அந்தப் பாழாப்போன டைல்ஸ்தான் டாக்டர்... அப்பவே வேண்டாம்னேன்" என்றாள்.

டாக்டர் கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பலாக, பழைய வேட்டி மாதிரி இருந்தது.

"டைல்ஸைத் திட்டாதீங்கம்மா. இது இன்னிக்கு உடைஞ்சது. ஆனா முப்பது வருஷமாத் தேய்ஞ்சுக்கிட்டிருக்கு. வலிக்காது, வீங்காது, சத்தமே போடாது. உடையற அன்னிக்குத்தான் தெரியும்."

"பொம்பளைங்களுக்குத்தான் எலும்பு தேயும்னு சொல்வாங்களே டாக்டர்?" என்று கேட்டேன்.

"மாதவிடாய் நின்னதும் அவங்களுக்கு மளமளன்னு குறையும், வாஸ்தவம். ஆம்பளைங்களுக்கு மெதுவாக் குறையும். அதனாலயே யாரும் பாக்கறதில்லை. ஆனா இடுப்பு உடைஞ்சா, அடுத்த ஒரு வருஷத்துல இறந்து போறது பொம்பளைங்களைவிட ஆம்பளைங்கள்லதான் அதிகம் ஸார்."

பெரியப்பாவின் பேரன் மூலையில் உட்கார்ந்து, கழுத்தில் அரிசி மூட்டையோடு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உனக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு ஸார்."

"எலும்பு சேர்க்கிற வயசு முப்பதோட முடிஞ்சுரும். அதுக்கப்புறம் இருக்கிறதைக் காப்பாத்தலாம், பெரிசா டெபாசிட் போட முடியாது. தாத்தா கணக்கு முடிஞ்சு போச்சு. உன் கணக்கு இன்னும் நாலு வருஷம் திறந்திருக்கு, பாத்துக்க."

பையன் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டான். பெரியப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து வாசல் வரைக்கும் போகிறார். தெருமுனைக் கடைக்குத் தானே போய் வெற்றிலை வாங்கி வந்த மனிதர். வாசலோடு திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

* * *

முப்பதுக்குள் இருப்பவர்களும், முப்பதைத் தாண்டி இருப்பதைக் காப்பாற்ற வேண்டியவர்களும் பண்ண வேண்டியது ஒன்றும் பிரமாதமில்லை. எலும்புக்குப் பிடித்தது அதிர்ச்சி. கால் தரையில் 'தொம்' என்று விழ வேண்டும். மாடிப்படி, வேக நடை, ஸ்கிப்பிங், ஷட்டில், வெயிட் தூக்குவது எல்லாம் எலும்பு காதில் விழும். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு அமிர்தம். ஆனால் எலும்பு அவற்றை அவ்வளவாக லட்சியம் பண்ணாது. உட்கார்ந்த இடத்திலிருந்து அரை மணிக்கொரு தரம் எழுந்து நடந்தால் டிஸ்க் வாழ்த்தும்.

கால்சியம், ஐ.சி.எம்.ஆர். 2020 கணக்குப்படி ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகிலேயே 300-க்கு மேல் இருக்கிறது. பால், தயிர், எள்ளுருண்டை, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி எல்லாம் டெபாசிட்தான். போட்ட கால்சியம் குடலில் உறிஞ்சப்பட வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வெயில் பற்றாக்குறை என்று சொன்னால் சூரிய பகவானே சிரிப்பார். ஆனால் ஏ.ஸி. ரூமுக்குள் அவர் வர முடியாதே, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். சிகரெட்டும் அளவுக்கு மீறின குடியும் எலும்புக் கணக்கில் திருட்டுக் கை. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரைக் கேளுங்கள். பக்கத்து ஸீட்காரரைக் கேட்காதீர்கள்.

அடுத்த தடவை ஆபீஸ் லிஃப்ட்டில் 'ரிப்பேர்' என்று அட்டை தொங்கினால் மெயின்டனன்ஸ்காரரைத் திட்டாதீர்கள். படியில் ஏறுங்கள். உள்ளே இருக்கிற 206 பேரும் சந்தோஷமாக வேலை பார்ப்பார்கள். ஓவர்டைம் கேட்க மாட்டார்கள்.